டீசல் பிரஷரை எந்த ஸ்க்ரூவில் கூட்டுவது? லோடு ஏற்றத்தில் இழுக்காத இன்லைன் பம்ப் வண்டி

யஷ்வந்த்பூர் லாரி

வணக்கம். யஷ்வந்த்பூரிலிருந்து மங்களூருக்கும் சேலத்துக்கும் லோடு அடிக்கிற பத்துச் சக்கர வண்டி. பிஎஸ்3 புகை விதிக் கால வண்டி, ஆறு சிலிண்டர், டர்போ, இன்லைன் பம்ப். காலியாக ஓடும்போது எந்தக் குறையும் தெரியவில்லை. லோடோடு திரும்பும்போதுதான் சிக்கல். பெங்களூர் மேட்டில் இருப்பதால் எந்தப் பக்கம் போனாலும் திரும்பி வருவது ஏற்றம்தான்: அந்தப் பக்கம் ஷிராடி காட், இந்தப் பக்கம் தொப்பூர். முன்பு மூன்றாவது கியரில் ஏறிய இடத்தில் இப்போது இரண்டாவதுக்கு இறங்க வேண்டியிருக்கிறது. ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்தாலும் ஆர்பிஎம் ஏறாமல் அப்படியே உட்கார்ந்துவிடுகிறது. ஓரங்கட்டிக் கொஞ்ச நேரம் நிறுத்தி எடுத்தால் சிறிது தூரம் நன்றாக இழுக்கிறது, அப்புறம் பழைய கதைதான்.

ஏர் ஃபில்டர் புதுசு. டர்போ ஹோஸ், இன்டர்கூலர் கிளாம்ப் எல்லாம் பார்த்தாயிற்று. காற்று எங்கும் கசியவில்லை.

தெரிந்த மெக்கானிக் ஒருவர், "டீசல் பிரஷர் கம்மி. பம்ப் பின்பக்கம் இருக்கிற ஈயச் சீலை உடைத்து ஸ்க்ரூவை அரைச் சுற்று விட்டால் சரியாகிவிடும்" என்கிறார். எந்த ஸ்க்ரூ, எவ்வளவு, எந்தப் பக்கம் சுற்ற வேண்டும்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ஓசூர் ரோடு டிரைவர்

அண்ணா, அரைச் சுற்று அதிகம். கால் சுற்று விட்டுப் பாருங்கள். நான் ஓட்டிய வண்டிகளில் பழைய ஆட்கள் இப்படித்தான் வைத்துக் கொடுப்பார்கள். இழுவை உடனே தெரியும். டீசல் கொஞ்சம் கூடக் குடிக்கும், அவ்வளவுதான்.

பீன்யா பம்ப் ரூம்

சீலை உடைக்காதீர்கள். முதலில் இதைப் படித்துவிடுங்கள்.

கவர்னர் (பம்பின் வேகக் கட்டுப்பாட்டுப் பகுதி) பக்கம் சீல் போட்டிருக்கும் அந்த ஸ்க்ரூவுக்கும் பிரஷருக்கும் சம்பந்தமே இல்லை. அது ஃபுல் லோடு ஸ்டாப். ரேக், அதாவது டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் கம்பி, அதிகபட்சம் எவ்வளவு தூரம் நகரலாம் என்பதற்கு அது எல்லை. அதை விட்டால் ஒவ்வொரு ஸ்ட்ரோக்கிலும் பிளஞ்சர் (சிலிண்டருக்கு ஒன்றாக டீசலைத் தள்ளும் தண்டு) தள்ளுகிற டீசலின் அளவு கூடும். ஆனால் பிளஞ்சருக்கே டீசல் நிறைவாக வந்து சேரவில்லை என்றால் எல்லையைத் தள்ளி வைத்து என்ன ஆகப்போகிறது? அதைவிட மோசம் பிறகு நடக்கும். நாளைக்கு யாராவது உண்மையான கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்தால், அன்றைக்கு இந்த எஞ்சின் அளவுக்கு மீறிய டீசலில் ஓடும். சைலன்சரில் கரும்புகை, எக்ஸாஸ்ட் சூடு, டர்போ, பிஸ்டன் என்று வரிசையாகப் போகும். இழுவை கூடியது என்று டிரைவர் சந்தோஷமாக இருப்பார். ஓனருக்கு ஹெட் கழற்றும்போதுதான் தெரியும்.

சரி, பிரஷர் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். டேங்கிலிருந்து டீசல் தண்ணீர் பிரிக்கும் கிண்ணம் வழியாக ஃபீட் பம்புக்கு வருகிறது. இதுவரை அது உறிஞ்சப்படும் பக்கம். ஃபீட் பம்ப் அதை ஃபில்டர் வழியாகத் தள்ளி இன்ஜெக்‌ஷன் பம்பின் கேலரியை நிரப்புகிறது. ஆறு பிளஞ்சருக்கும் பொதுவான டீசல் அறைதான் கேலரி. அங்கே மிஞ்சுவது ஓவர்ஃப்ளோ வால்வ் வழியாக டேங்குக்குத் திரும்புகிறது. இன்லைன் பம்பில் இந்தக் கேலரி பிரஷர் பொதுவாக 1 முதல் 2.5 பார் வரை. வண்டிக்கு வண்டி எண் மாறும், உங்கள் எஞ்சின் கையேட்டில் இருப்பதே கடைசிச் சொல்.

இவ்வளவு சின்னப் பிரஷரா என்று நினைக்க வேண்டாம். எஞ்சின் 2400 ஆர்பிஎம்மில் ஓடினால் பம்ப் அதில் பாதி, 1200-ல் சுற்றும். அதாவது ஒரு பிளஞ்சர் ஒரு விநாடியில் 20 தடவை ஏறி இறங்குகிறது. ஒவ்வொரு தடவையும் அது இறங்கி ஓட்டை திறந்திருக்கும் அந்தக் கண நேரத்துக்குள் பேரல், அதாவது பிளஞ்சர் ஓடும் குழல், நிரம்பியாக வேண்டும். பின்னாலிருந்து கேலரி பிரஷர் தள்ளாவிட்டால் பேரல் அரைகுறையாக நிரம்பும். காலி வண்டியில் அது தெரியாது. முழு லோடில், முழு ஆர்பிஎம்மில்தான் தெரியும். நீங்கள் சொல்வது அச்சாக இதுதான்.

இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள். ஏற்றத்தில் திணறும்போது புகை வருகிறதா? கரும்புகை வந்தால் காற்று போதவில்லை, அல்லது நாசில் சரியாகத் தூவவில்லை. புகையே இல்லாமல் படுத்தால் டீசல் போய்ச் சேரவில்லை. அடுத்தது, இது எப்போதிலிருந்து? அதற்கு முன் டீசல் லைனில் என்ன வேலை நடந்தது?

நாமக்கல் ஓனர்

நான் இப்போது கலாசிபாளையத்தில் புக்கிங் பார்க்கிறேன், ஊரில் வண்டி இருக்கிறது. எனக்கு வேறு ஒரு சந்தேகம். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல். இங்கே காற்று லேசு. சென்னையில் செட் பண்ணிய பம்ப் இங்கே இழுக்காது, அதனால் இந்த ஊரில் டீசலைக் கொஞ்சம் கூட்டித்தான் வைக்க வேண்டும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அது சரியா?

பீன்யா பம்ப் ரூம்

காற்று லேசு என்பது சரி, முடிவு தலைகீழ். இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையைவிடப் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு. காற்று குறைந்தால் அது எரிக்கக்கூடிய டீசலும் குறைகிறது. டர்போ இல்லாத பழைய வண்டி சென்னையில் சுத்தமாக ஓடிவிட்டு இங்கே வந்ததும் லேசாகக் கறுப்பு தள்ளுவதற்குக் காரணமே அதுதான். அதற்கு மேலும் டீசலைக் கூட்டினால் கூடுவது புகை மட்டும். டர்போ வண்டியில் டர்போ கொஞ்சம் வேகமாகச் சுற்றி அந்தக் குறையில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும். எப்படிப் பார்த்தாலும் உயரத்துக்காக டீசலைக் கூட்டும் கணக்கு எங்கும் கிடையாது.

கேஜிஎஃப் டம்பர் ஷாப்

பீன்யா தம்பி சொல்வதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். "பிரஷரைக் கூட்டினால் இழுவை கூடும்" என்ற பேச்சு வெறும் கட்டுக்கதை இல்லை. அது வேறொரு எஞ்சினுக்கு முழுக்க உண்மை.

நான் கேஜிஎஃப் ஆள். சுரங்க டம்பர்களிலும் பெரிய ஜெனரேட்டர்களிலும் கம்மின்ஸ் எஞ்சின் பார்த்தே வயசானவன். பழைய என், கே சீரிஸ் கம்மின்ஸில் பிடி (பிரஷர்-டைம்) பம்ப் இருக்கும். 1950-களில் அவர்கள் கொண்டுவந்த முறை. அதில் தனித்தனி ஹை பிரஷர் பைப் கிடையாது. ஒரு கியர் பம்ப் எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான வழியில் மிதமான பிரஷரில் டீசலைக் கொடுக்கும். இன்ஜெக்டருக்குள் ஒரு சின்ன ஓட்டை வழியாக அது நிரம்பும். எவ்வளவு நிரம்பும் என்பது இரண்டே விஷயத்தைப் பொறுத்தது: அந்த வழியில் எவ்வளவு பிரஷர், ஓட்டை எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது. பிறகு கேம்ஷாஃப்ட், ராக்கர் வழியாக இன்ஜெக்டர் பிளஞ்சரை அடித்து இறக்கும்போது அசல் உயர் பிரஷர் அங்கேயே பிறக்கிறது. ஆக, பிடி எஞ்சினில் பொது வழியின் பிரஷரைக் கூட்டினால் டீசல் அளவு நேராகக் கூடும், பவரும் கூடும். நாங்கள் ஷட்-ஆஃப் வால்வ் பக்கத்தில் கேஜ் மாட்டி, ஆக்சிலரேட்டரை ஒரே அடியாகத் திறந்து, முள் எங்கே போய் நிற்கிறது என்று பார்ப்போம். ஸ்நாப் பிரஷர் என்போம். அதைப் புத்தகத்தில் இருக்கும் அளவோடு ஒப்பிட்டால் பம்பின் நிலை பாதி தெரிந்துவிடும்.

அந்த வேலையைப் பார்த்த கைகள் பிறகு லாரிப் பட்டறைக்கு வந்தபோது பேச்சும் கூடவே வந்துவிட்டது என்று நினைக்கிறேன். லாரியின் இன்லைன் பம்பில் அளவை முடிவு செய்வது பிளஞ்சரின் சாய்வெட்டும் ரேக்கும். கேலரி பிரஷர் தேவையான அளவு இருந்தால் போதும், அதற்கு மேல் கூட்டினால் இழுவை கூடாது. குறைந்தால் மட்டும் இழுவை போகும்.

எங்கள் டம்பர் ஷாப்பில் மூத்தவர் ஒருவர் கேஜ் மாட்டாமல் யாரையும் ஸ்பேனரைத் தொடவிட மாட்டார். இந்தத் தொழிலில் நான் கற்றதில் உருப்படியானது அதுதான். இந்த வண்டிக்கும் அதைத்தான் சொல்வேன்.

யஷ்வந்த்பூர் லாரி

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பீன்யா அண்ணா, ஏற்றத்தில் புகை சுத்தமாக இல்லை. முன்பு தொப்பூரில் கியர் மாற்றும்போது லேசாகக் கறுப்பு தள்ளும், இப்போது அதுவும் இல்லை. பம்ப்பையும் நாசிலையும் இறக்கிச் சர்வீஸ் செய்து மாட்டிய பிறகுதான் இந்தத் தொந்தரவு. ஆனால் காலிபரேஷன் ஷீட் கொடுத்திருக்கிறார்கள், ஆறு லைனும் ஒரே அளவு காட்டுகிறது. அதனால்தான் பம்ப்பைச் சந்தேகப்படவில்லை.

கேஜ் எங்கே மாட்டுவது, எந்த அளவு கேஜ் வாங்குவது?

பீன்யா பம்ப் ரூம்

ஷீட் சரியாக இருக்கலாம். டெஸ்ட் பெஞ்சில், அதாவது பம்ப்பைக் கழற்றி ஓட்டி அளக்கும் மெஷினில், பம்ப்புக்கு டீசல் கொடுப்பது பெஞ்சின் சொந்த சப்ளை. உங்கள் ஃபீட் பம்ப், ஃபில்டர், ரிட்டர்ன் லைன் எதுவும் அந்தப் பரீட்சைக்கு உட்காருவதில்லை. அதனால் பெஞ்சில் பாஸான பம்ப் வண்டியில் பட்டினி கிடக்கும்.

பெங்களூர் ஜேசி ரோட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் 0–7 பார் கிளிசரின் கேஜ் கிடைக்கும், முள் ஆடாமல் நிற்கும். கூடவே உங்கள் லைன் அளவுக்கு நீளமான ஹாலோ போல்ட்டும் (நடுவில் டீசல் போக ஓட்டையுள்ள போல்ட்) அதில் கோக்கும் வளைய இணைப்பான பேன்ஜோ ஐ ஒன்றும் புதுக் காப்பர் வாஷர்களும் வாங்கிக்கொள்ளுங்கள். ஃபில்டரிலிருந்து பம்ப் கேலரிக்குள் போகும் இடத்தில் அந்த ஐயைச் சேர்த்து, நல்ல டீசல் ஹோஸில் கேஜை நீட்டி, விண்ட்ஷீல்டுக்கு வெளியே வைப்பர் பக்கத்தில் கட்டுங்கள். கேபினுக்குள் டீசல் ஹோஸ் வரக் கூடாது. ஹோஸ் டர்போ, எக்ஸாஸ்ட் பக்கம் போகவே கூடாது. ஒரு துளி மேலே விழுந்தாலும் பற்றிக்கொள்ளும்.

ஐட்லிங்கில் ஒரு அளவு, வண்டி நிற்கும்போதே ஆர்பிஎம் ஏற்றி ஒரு அளவு, லோடோடு ஏற்றத்தில் ஒரு அளவு. மூன்றாவதுதான் முக்கியம். கிளீனர் பார்த்துச் சொல்லட்டும், ஓட்டுகிறவர் ரோட்டைப் பார்க்கட்டும்.

அப்புறம் கேஜை ஃபில்டருக்கு முன்பக்கம் மாற்றி அதே அளவுகளை எடுங்கள். முன்னுக்கும் பின்னுக்கும் வித்தியாசம் பெரிதாக இருந்தால் ஃபில்டர் அடைப்பு. கம்மின்ஸ் பி சீரிஸ் போன்ற எஞ்சின்களில் அந்த வித்தியாசத்துக்கு 0.35 பார் அளவில் வரம்பு வைத்திருக்கிறார்கள்.

ஓசூர் ரோடு டிரைவர்

ஏர் எடுத்தாலும் இப்படித்தானே படுக்கும்? எனக்கு ஒரு தடவை டேங்க் பக்கம் ஹோஸில் மயிரிழை வெடிப்பு. டீசல் வெளியே சொட்டவே இல்லை, ஆனால் உள்ளே காற்று போய்க்கொண்டே இருந்தது.

பீன்யா பம்ப் ரூம்

ஆமாம், நல்ல விஷயத்தைச் சொன்னீர்கள். உறிஞ்சும் பக்கத்து ஓட்டையில் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். அதைப் பிடிக்க ரிட்டர்ன் லைனிலும் ஃபீட் பம்புக்கு முன்னாலும் கொஞ்ச நேரத்துக்குக் கண்ணாடி மாதிரியான ஹோஸ் மாட்டிப் பாருங்கள், குமிழி ஓடுவது கண்ணுக்குத் தெரியும். சந்தேகம் டேங்க் பக்கம் என்றால் ஒரு கேனில் சுத்தமான டீசல் எடுத்து, ஃபீட் பம்ப் ஹோஸை நேராக அதில் விட்டு ஓட்டுங்கள். குறை மறைந்தால் கோளாறு டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில்: டேங்க் உள்ளே உறிஞ்சும் பைப்பின் சல்லடை, கிண்ணத்தின் ரப்பர், ஹோஸ், டேங்க் மூடியின் காற்றுத் துளை. மூடித் துளை அடைத்தால் டேங்கில் வெற்றிடம் உண்டாகி டீசல் வராது. நிறுத்திக் கொஞ்ச நேரம் கழித்து எடுத்தால் சரியாக ஓடும். யஷ்வந்த்பூர் அண்ணா சொன்ன அறிகுறியில் இதுவும் பொருந்துகிறது, அதனால் மூடியைத் தளர்த்திவிட்டும் ஒரு தடவை பாருங்கள்.

ஃபீட் பம்பின் நுழைவாயிலிலேயே ஒரு சின்ன வலை இருக்கும், பலர் அதைக் கழற்றியே பார்ப்பதில்லை. அதையும் கழுவிவிடுங்கள்.

பொம்மசந்திரா ஃப்ளீட்

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். எங்களிடம் பிஎஸ்6 வண்டிகள். ஒன்றில் டேஷ்போர்டில் எஸ்பிஎன் 157 என்ற கோளாறு எண் வந்து பவர் குறைந்துவிடுகிறது. வெளியே ஒரு எலக்ட்ரீஷியன், "ரெயில் சென்சாருக்கும் ஈசியுவுக்கும் (எஞ்சின் கம்ப்யூட்டர்) நடுவில் ஒரு பாக்ஸ் போட்டால் பிரஷர் ஏறும், கோளாறும் வராது" என்கிறார். போடலாமா?

ராஜாஜிநகர் ஸ்கேனர்

வேண்டவே வேண்டாம்.

எஸ்பிஎன் 157 என்பது ரெயில் பிரஷர். பிஎஸ்6 வண்டியில் எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான உயர் பிரஷர் குழாய்தான் ரெயில், அதனால்தான் காமன் ரெயில் என்பது. அதோடு வரும், கோளாறு எந்த வகை என்று சொல்லும் எஃப்எம்ஐ எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். 1 அல்லது 18 வந்தால் பிரஷர் தேவையைவிடக் குறைகிறது என்று பொருள். 3, 4 வந்தால் சென்சார் வயரிங்கில் வோல்டேஜ் கோளாறு, டீசலைத் தேட வேண்டாம்.

காமன் ரெயிலில் கையால் திருப்ப ஸ்க்ரூ கிடையாது. எவ்வளவு பிரஷர் வேண்டும் என்பதை ஈசியு நொடிக்கு நொடி முடிவு செய்கிறது. ஐட்லிங்கில் சுமார் 250 முதல் 350 பார், முழு லோடில் 1600-க்கும் மேல். ஹை பிரஷர் பம்புக்குள் எவ்வளவு டீசலை விடுவது என்பதை மீட்டரிங் யூனிட் பார்த்துக்கொள்ளும். ரெயில் சென்சார் திருப்பிச் சொல்லும். அந்த பாக்ஸ் செய்வது இதுதான்: உண்மையான பிரஷரைக் குறைத்துக் காட்டி ஈசியுவை ஏமாற்றும். ஈசியு இன்னும் தள்ளச் சொல்லும். உங்கள் வண்டியில் பிரஷர் ஏற்கெனவே ஏறாமல் திணறுகிறது, அதன் மேல் கட்டளையைக் கூட்டினால் பம்ப் அரைபட்டு இரும்புத் தூள் ரெயிலுக்குப் போகும். அப்புறம் பம்ப், ரெயில், ஆறு இன்ஜெக்டர் என்று மொத்த செட்டும் மாற்ற வேண்டிவரும்.

வழக்கமான பாதையில் போங்கள். முதலில் லோ பிரஷர் பக்கம், அதாவது ஃபில்டர், தண்ணீர், காற்று, உறிஞ்சும் ஹோஸ். இங்கே மேலே எழுதியிருப்பது அத்தனையும் உங்களுக்கும் பொருந்தும். அது சரியாக இருந்தால் இன்ஜெக்டர் ரிட்டர்ன் சோதனை: ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்னையும் தனித்தனிக் குப்பியில் பிடித்துப் பாருங்கள். ஒன்றில் மட்டும் டீசல் கொட்டினால் பிரஷர் அந்த வழியாகத்தான் வடிகிறது. இன்ஜெக்டர் மாற்றினால் அதன் கோட் எண்ணை ஈசியுவில் ஏற்ற மறக்காதீர்கள்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். பழைய இன்லைன் வண்டியில் எஞ்சின் ஓடும்போதே நாசில் பைப் நட்டைத் தளர்த்தி எந்த சிலிண்டர் அடிக்கவில்லை என்று பார்ப்பார்கள். காமன் ரெயிலில் அதைச் செய்யவே கூடாது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாரில் பீச்சும் டீசல் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே குண்டூசி குத்தியது போல ஒரு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது. உள்ளே சதை அழுகத் தொடங்கும். அப்படிப் பட்டால் கழுவிக் கட்டுப்போட்டுக் காத்திருக்காமல் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் "அதிக பிரஷர் டீசல் கைக்குள் போய்விட்டது" என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். ஆபரேஷன் தாமதமானால் விரலே போகும். கசிவு எங்கே என்று கையால் தடவித் தேடுவதும் இதே ஆபத்துதான், ஒரு அட்டையைப் பிடித்துப் பாருங்கள். எஞ்சினை நிறுத்தியதும் ஸ்பேனர் போடாமல் பிரஷர் இறங்க நேரம் கொடுங்கள்.

யஷ்வந்த்பூர் லாரி

கேஜ் மாட்டிச் சேலம் லோடு போய் வந்தாயிற்று. ஐட்லிங்கில் 0.6 பார். ஆர்பிஎம் ஏற்றினால் ஏறவில்லை, 0.5-க்கு இறங்குகிறது. தொப்பூர் ஏற்றத்தில் 0.2. ஃபில்டருக்கு முன்னும் பின்னும் 0.1-தான் வித்தியாசம். டேங்க் மூடியைத் தளர்த்தியும் மாற்றமில்லை. கண்ணாடி ஹோஸில் குமிழி இல்லை. கேன் வைத்தும் பார்த்தேன், அதே அளவுதான். ஃபீட் பம்ப் போய்விட்டதா?

பீன்யா பம்ப் ரூம்

அழகாக அளந்திருக்கிறீர்கள். உறிஞ்சும் பக்கமும் ஃபில்டரும் கணக்கிலிருந்து போய்விட்டன. இனி மிஞ்சுவது இரண்டு: ஒன்று ஃபீட் பம்ப் தள்ளவில்லை, அல்லது தள்ளுகிற டீசல் கேலரியில் நிற்காமல் ரிட்டர்னில் ஓடிவிடுகிறது.

பிஸ்டன் வகை ஃபீட் பம்பில் டீசலைத் தள்ளுவது உள்ளே இருக்கும் ஸ்ப்ரிங். கேம் பிஸ்டனைத் தள்ளி ஸ்ப்ரிங்கை அழுத்தும், ஸ்ப்ரிங் பிஸ்டனைத் திருப்பித் தள்ளும். ஸ்ப்ரிங் தளர்ந்தாலும், உள்வால்வ் உட்காராவிட்டாலும் பிரஷர் வராது. ஆனால் அதைக் கழற்றும் முன்பு இதைச் செய்யுங்கள். எஞ்சின் ஐட்லிங்கில் ஓடட்டும். பம்பிலிருந்து டேங்குக்குப் போகும் ரிட்டர்ன் ரப்பர் ஹோஸை மெதுவாக நெருக்கிக்கொண்டே கேஜைப் பாருங்கள். சில விநாடிகள் போதும், பிடித்தே வைத்திருக்க வேண்டாம். முள் சட்டென்று ஏறினால் ஃபீட் பம்ப் நலம், குற்றம் ஓவர்ஃப்ளோ வால்வில். ஏறாமல் அங்கேயே நின்றால் ஃபீட் பம்ப்பை இறக்குங்கள்.

என் ஊகத்தையும் சொல்லிவிடுகிறேன். பம்ப் இறக்கி ஏற்றிய பிறகு வந்த கோளாறு என்பதால் ரிட்டர்ன் போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். ஓவர்ஃப்ளோ வால்வ் வெளித் தோற்றத்தில் ஹாலோ போல்ட் மாதிரியே இருக்கும், மரையும் ஒன்றே. உள்ளே ஒரு பாலும் (சின்ன இரும்புக் குண்டு) ஸ்ப்ரிங்கும் இருப்பதுதான் வித்தியாசம். தட்டில் போட்டுக் கழுவும்போது இடம் மாறிப்போனால், திரும்ப மாட்டுகிறவர் கையில் கிடைத்ததைப் போட்டு முடுக்கிவிடுவார். எஞ்சின் ஸ்டார்ட் ஆகும், காலி வண்டி ஓடும், யாருக்கும் சந்தேகம் வராது.

1951-ல் தொடங்கிய மைக்கோ ஆடுகோடியில் பம்ப்பும் நாசிலும் செய்த ஊர் இது. பெயர் 2008-ல் பாஷ் என்று மாறினாலும் ஊர் வாயில் இன்னும் மைக்கோதான். அந்தப் பயிற்சியில் வந்தவர்கள் பலர் இந்த ஊர்ப் பம்ப் ரூம்களில் இருக்கிறார்கள், அவர்கள் இந்த போல்ட்டைக் கழற்றியதும் ஒரு கம்பியில் கோத்துத் தனியாக மாட்டி வைப்பார்கள். எல்லாப் பட்டறையிலும் அந்தப் பழக்கம் வர வேண்டும் என்பது என் ஆசை.

யஷ்வந்த்பூர் லாரி

அண்ணா, ஹோஸை நெருக்கியதும் முள் 2.5-ஐத் தாண்டிப் போனது. ரிட்டர்ன் போல்ட்டைக் கழற்றி ஊதிப் பார்த்தேன். காற்று இந்தப் பக்கம் ஊதினால் அந்தப் பக்கம் தாராளமாகப் போகிறது. உள்ளே பால் இல்லை, ஸ்ப்ரிங் இல்லை, வெறும் ஹாலோ போல்ட்.

பம்ப் பிளேட்டில் இருந்த எண்ணைக் காட்டி ஜேசி ரோட்டில் அதற்கான ஓவர்ஃப்ளோ வால்வ் வாங்கிப் புது வாஷரோடு மாட்டினேன். இப்போது ஐட்லிங்கில் 1.3, ஆர்பிஎம் ஏற்றினால் 1.8. மங்களூர் லோடில் ஷிராடி ஏற்றத்தில் 1.5-க்குக் கீழே இறங்கவே இல்லை. மூன்றாவது கியரிலேயே வந்துவிட்டது. ஈயச் சீல் அப்படியே இருக்கிறது.

கேஜிஎஃப் டம்பர் ஷாப்

ரொம்பச் சந்தோஷம் தம்பி.

நாமக்கல் ஓனர்

எங்கள் வண்டியிலும் கேஜ் மாட்டிப் பார்க்கச் சொல்லிவிட்டேன். இரண்டு கேள்வி. பழைய வால்வில் ஸ்ப்ரிங்கை இழுத்து நீட்டிப் போட்டால் பிரஷர் ஏறும் என்கிறார்களே, செய்யலாமா? நாசில் பிரஷரையும் கொஞ்சம் ஏற்றி வைத்தால் நல்லதா?

பீன்யா பம்ப் ரூம்

ஸ்ப்ரிங்கை நீட்டினால் அன்றைக்கு ஏறும். நீட்டிய ஸ்ப்ரிங் நிலைக்காது, சூட்டில் மறுபடி தளரும். வழியில் நின்றுபோனால் ஊர் சேர ஒரு ஏற்பாடு, அவ்வளவுதான். பாலும் அதன் இருக்கையும் தேய்ந்திருந்தால் எவ்வளவு நீட்டினாலும் பயனில்லை. பிரஷரை அளவுக்கு மேல் ஏற்றுவதிலும் கெடுதல் உண்டு. தேய்ந்த பிளஞ்சர் இருக்கும் பம்பில் டீசல் கீழே கசிந்து ஆயிலோடு கலக்கும். எஞ்சின் ஆயிலே பம்ப்புக்கும் போகிற வண்டியில் டிப்ஸ்டிக்கில் மட்டம் ஏறுவது முதல் அடையாளம். ஆயில் மட்டம் ஏறிக்கொண்டே வந்தால் சந்தோஷப்படாமல் முகர்ந்து பாருங்கள்.

நாசில் விஷயம் முற்றிலும் தனி. அங்கே பேசுவது ஊசி திறக்கும் பிரஷர், நேரடி இன்ஜெக்‌ஷன் எஞ்சின்களில் சுமார் 180 முதல் 260 பார் வரை, மாடலுக்கு ஏற்ப. ஹோல்டருக்குள் ஸ்ப்ரிங் மேல் வைக்கும் ஷிம்மில் அதைக் கூட்டிக் குறைக்கலாம். 0.05 மி.மீ. தடிமன் வித்தியாசத்துக்கே பல பார் மாறும், அதனால் நாசில் டெஸ்டர் இல்லாமல் தொட முடியாது. குறித்ததைவிட ஏற்றினால் ஊசி தாமதமாகத் திறக்கும், டைமிங் பின்தங்கும், டீசல் அளவும் குறையும். இறங்கினால் முன்கூட்டியே திறந்து, மூடும்போது சொட்டும், வெள்ளையும் கறுப்புமாகப் புகை வரும். ஏற்றுவதைவிட ஆறும் ஒரே அளவில் இருப்பதுதான் எஞ்சினுக்கு நல்லது. ஓடிய நாசிலில் ஸ்ப்ரிங் தளர்ந்து சில பார் இறங்கியிருப்பது சகஜம், சர்வீஸில் அதைப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும், தாண்டிப் போகக் கூடாது.

ஓசூர் ரோடு டிரைவர்

கேலரி பிரஷர், நாசில், காற்று எல்லாம் சரியாக இருந்தும் இழுவை போதவில்லை என்றால்? அப்போது அந்த ஸ்க்ரூவைத் தொடலாமா?

பீன்யா பம்ப் ரூம்

பெஞ்சில் ஏற்றித் தொடலாம். அந்தப் பம்ப் எண்ணுக்கு ஃபுல் லோடில் எத்தனை கன மி.மீ. என்று டெஸ்ட் பிளான் இருக்கிறது. அதைவிடக் குறைந்திருந்தால் அந்த அளவுக்குக் கொண்டுவந்து மறுபடி சீல் போடுவார்கள். வண்டியில் வைத்துக் கால் சுற்று, அரைச் சுற்று என்று விடும்போது எங்கே நிற்கிறோம் என்று யாருக்கும் தெரியாது. எமிஷன் டெஸ்டிலும் மாட்டும். பிஎஸ்4-க்கு முந்தைய டீசல் வண்டிக்குப் புகை வரம்பு, புகையின் அடர்த்தியைச் சொல்லும் கே மதிப்பில், 2.45.

யஷ்வந்த்பூர் லாரி

கடைசியாக ஒன்று. கேஜைக் கழற்ற மனமில்லை. நிரந்தரமாக விட்டுவைக்கலாமா?

பீன்யா பம்ப் ரூம்

அந்த ஹோஸோடு வேண்டாம், அதிர்வில் உரசி என்றாவது அறுந்துவிடும். நிரந்தரமாக வேண்டுமென்றால் லைனில் எலக்ட்ரிக் பிரஷர் சென்சார் போட்டு, வயர் மட்டும் கேபினுக்குள் வருகிற கேஜ் வாங்குங்கள். சென்சாரை எஞ்சின் மேலேயே முடுக்காமல் ஒரு குட்டி ஹோஸ் வைத்துச் சேசிஸில் கட்டினால் அதிர்வில் சீக்கிரம் போகாது. அதுவரை பேன்ஜோ ஐ இருந்த இடத்தில் பழைய போல்ட்டைப் போட்டு, இரண்டு பக்கமும் புதுக் காப்பர் வாஷர் வையுங்கள்.

போடும் முன்பு போல்ட்டுக்குள் பால் இல்லையா என்று ஊதிப் பார்த்துவிடுங்கள். உங்கள் காணாமல் போன வால்வ் ஃபில்டர் ஹெட்டிலோ ஃபீட் பம்பிலோ ஹாலோ போல்ட் இருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருக்க வாய்ப்பு உண்டு.